பிரேக் அக்கா

பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரத்தில் பிரேக் அக்காவின் வலது கால் முன்னால் நகர்ந்து தரையை ஓர் அழுத்து அழுத்தும். முன் பெஞ்சின் கட்டையில் செருப்பு முட்டி ‘டொக்’ என்று சத்தம் வரும். பிரசங்கம் ஒரு கணம் நின்று, பிறகு தொடரும். வேண்டுமென்று செய்வதில்லை. ஓட்டுநர் பயிற்சி வண்டியில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேலேயே நாளெல்லாம் இருந்து பழகிய கால் அது. பஸ்ஸில் போனாலும் அழுத்தும். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தாலும் அழுத்தும். “எங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சாக்கூட தானா அழுத்துது, என்ன பண்றது?” என்பார்.

பயிற்சிப் பள்ளி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு வெள்ளைக் கார், ஒரு மேசை, போக்குவரத்துக் குறிகள் அச்சடித்த ஓர் அட்டை, அவ்வளவுதான். முதலாளி, ஆசிரியர், காரைக் கழுவுகிறவர் மூன்றும் அக்காவே. வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, காலை முதல் மாலை வரை மற்றவர்களின் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஐம்பதை நெருங்கும் வயதில் நானும் அந்த வண்டியில் ஏறினேன். “கிளட்ச்சை விடுங்கன்னு சொன்னா ஸ்டியரிங்கை விடறீங்களே, சார்!” என்பது அவர் எனக்கு எடுத்த முதல் பாடம். “நீங்க பயப்படாதீங்க. பயப்பட வேண்டியவ நான்” என்பது இரண்டாவது. ஆனால் ஒருவரையும் திட்டிப் பார்த்ததில்லை. அந்த வண்டியில் இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு பேரும் சாலையைப் பார்த்தபடி இருப்பதாலோ என்னவோ, முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததெல்லாம் அங்கே வாயில் வந்துவிடுகிறது. மகன் பேசாமல் இருப்பது, வேலை போகப்போவது என்று நானே எதையெதையோ கொட்டியிருக்கிறேன். அக்கா துருவிக் கேட்கமாட்டார். “கண்ணுக்குத்தான் வேலை. காது சும்மாதானே இருக்கு, சொல்லுங்க” என்பார்.

எங்கள் சபையில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று வந்தால், அன்றைக்குக் கூட்டத்துக்கு வராதவர் தலையில் அதைக் கட்டிவிடுவோம். வராதவர் மறுக்க முடியாது அல்லவா? பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சபைக்குள் யாராலும், போதகராலும்கூட, பாலியல் தொல்லை வராமல் பார்த்துக்கொள்ள ஒரு பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டபோதும் அதைத்தான் செய்தோம். அன்று அக்கா ஒரு மாணவரை லைசென்ஸ் தேர்வுக்குக் கூட்டிப்போயிருந்தார். அடுத்த ஞாயிறு, குழுத் தலைவி என்று அறிவித்துக் கைதட்டிவிட்டோம்.

அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“சும்மா பேருக்குத்தானே, சிஸ்டர்” என்று ஆறுதல் சொன்னார் மூப்பர் குழுத் தலைவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

“பேருக்குன்னா வேற யாரையாவது போடுங்க பிரதர். எனக்குப் பேருக்கு ஒண்ணு செய்யத் தெரியாது.”

அந்த வாரமே தச்சர் வந்து இறங்கினார். போதகர் அறை, ஞாயிறு பள்ளி அறை, பாடகர் குழு அறை என்று எல்லாக் கதவிலும் முகம் தெரிகிற உயரத்தில் பலகையை அறுத்துக் கண்ணாடி வைக்கச் செய்தார். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது, யாரையும் தனியாக வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடக் கூடாது என்று விதி போட்டார். புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். இது என்ன அசிங்கம் என்று சிலர் முகம் சுளித்தபோது, “அங்கதான் ஒருத்தரும் எட்டிப் பாக்காம நிதானமா நம்பர் எடுக்க முடியும்” என்றார்.

“அப்போ எங்க எல்லாரையும் சந்தேகப்படறீங்களா?” என்று மேலாளர் கேட்டார்.

“ரெண்டாவது பிரேக் வச்சிருக்கேனே, ஓட்டறவங்க எல்லாம் கெட்டவங்கன்னா? வண்டின்னா அது இருக்கணும். அவ்வளவுதான்.”

போதகர் மட்டும் கோபப்படவில்லை. இனிக்க இனிக்கப் பேசுகிறவர், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் நம்பிய மனிதர். ஆராதனையில் அக்காவைப் பாராட்டி ஜெபம்கூடச் செய்தார். ஆனால் கொஞ்ச நாளில் அவர் அறைக் கதவின் கண்ணாடியை மறைத்து ஒரு வசனக் காலண்டர் தொங்கியது. அக்கா அதைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். மறு வாரம் அது மீண்டும் கண்ணாடிக்கே வந்தது. அக்கா வீட்டிலிருந்து சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே எதிர்ச்சுவரில் அடித்து மாட்டினார். “வசனம் எந்தச் சுவர்ல இருந்தாலும் நல்லாத் தெரியும், ஐயா” என்றார். இதை நாங்கள் ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இனி வருவதை, சம்பந்தப்பட்ட பெண்ணே “எழுதுங்க அங்கிள்” என்று என்னிடம் சொன்னதால்தான் எழுதுகிறேன். அவளைப் பற்றி அக்கா வாயிலிருந்து இன்றுவரை ஒரு சொல் வந்ததில்லை.

அவள் செவிலியர் படிப்பு படிக்கிறவள். பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்து, திடீரென்று வராமல் போனவள். வண்டி நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் ஆலயத் தெரு நெருங்கினால் மட்டும் வேறு பக்கம் திருப்பி ஊரையே சுற்றுவாள். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. “வண்டி உன் கையில இருக்கு. நீ திருப்பற பக்கம் போகலாம்” என்று விட்டுவிட்டார். ஒருநாள் பாலம் வேலை நடந்ததால் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்றாயிற்று. தெரு முனையில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. சாலையைப் பார்த்தபடியே அவள் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா இறந்த துக்கத்தில் ஆறுதல் தேடிப் போதகரிடம் போனது. பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு தனியாக வா, ஜெபிக்கிறேன் என்று அவர் கூப்பிட்டது. ஜெபத்துக்கு என்று தலையில் வைத்த கை தலையோடு நிற்காமல் போனது. உதறிக்கொண்டு எழுந்தபோது, வெளியே சொன்னால் உன்னை யார் நம்புவார்கள் என்று அதே இனிய குரலில் அவர் கேட்டது.

“நான் நம்பறேன்” என்றார் அக்கா. “உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா.”

“அந்தச் சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன்மா. பண்ணினா நாளைக்கு இன்னொரு பொண்ணு அந்த ரூமுக்குள்ள போவா. ஆனா உனக்குத் தெரியாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். போலீசுக்குப் போறதா இல்லையாங்கறது உன் முடிவு. போறதுன்னா வண்டி நான் எடுக்கறேன்.”

அவளிடம் சொல்லிவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு அக்கா மறுநாளே புகார் கொடுத்தார். சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு விசாரணைக் குழு வருவதாகத் தகவல் வந்தது. சேதி கசிந்ததும் மூப்பர் குழு அவசரமாகக் கூடியது. அதில் ஓர் ஓரத்து நாற்காலி எனக்கும் உண்டு. போதகரைக் காதும் காதும் வைத்தாற்போல் வேறு சபைக்கு மாற்றக் கேட்டு எழுதிவிடலாம், வரும் ஞாயிறே தேநீர் விருந்து வைத்து, எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, மரியாதையாக வழியனுப்பலாம் என்றார் மேலாளர். பாதிப் பேர் தலையாட்டியும்விட்டார்கள்.

“ஆளை இடிச்சவரை, இந்த ரோடு வேணாம், பக்கத்து ஊர் ரோட்டுல போய் ஓட்டுங்கன்னு அனுப்புவீங்களா?” என்று அக்கா கேட்டார். “அங்க மட்டும் ஆள் நடக்க மாட்டாங்களா?”

“சபை பேரு என்ன ஆகறது, சிஸ்டர்? முதல்ல அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லுங்க.”

“அதை மட்டும் கேக்காதீங்க. கேக்கறவங்க முகத்தை நான் ஞாபகம் வச்சுக்குவேன்.”

அப்புறம் யாரும் கேட்கவில்லை. தேநீர் விருந்தும் நடக்கவில்லை. விசாரணை முடியும்வரை போதகர் ஆலயத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்தப் பெண் காவல் நிலையத்துக்குப் போனாள். சொன்னபடி அக்காவே வண்டி எடுத்தார். செய்தி பரவியதும் இன்னும் இரண்டு பெண்கள், அதில் ஒருவர் பேரன் பேத்தி எடுத்தவர், கழிப்பறைக் கதவிலிருந்த எண்ணைக் கூப்பிட்டுப் பேசினார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அக்கா உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். இரண்டு மூன்று மாணவர்கள் பாதியிலேயே வேறு பள்ளிக்குப் போனார்கள். ஒருநாள் காரின் பின் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் ‘யூதாஸ்’ என்று எழுதியிருந்தார்கள். அக்கா வாளியோடு வந்து பார்த்துவிட்டு, “எழுதினதுதான் எழுதினான், கண்ணாடி முழுக்க எழுதியிருந்தா துடைக்கற வேலையாவது மிச்சம்” என்றார். சிரித்தாரே ஒழிய முகம் வாடிக் கிடந்தது. எனக்கும் பயம்தான். சாட்சி போதாது என்று பூசி மெழுகிவிட்டால் அந்தப் பெண் பொய்க்காரி ஆகிவிடுவாளே. அந்த மனிதரும் இன்னொரு ஊரில் இன்னொரு கதவைச் சாத்திக்கொள்வாரே.

போன வாரம், மதியப் பாடம். மைதானத்து மர நிழலில் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தேன். மரத்தை இரண்டு முறை இடிக்கப் பார்த்து, மூன்றாவது முறை எப்படியோ நிறுத்தியபோது அக்காவின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார். இறங்கி, என் காதுக்கு எட்டாத தூரம் போய்ப் பேசினார். முன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுமனே தலையை ஆட்டிக் கேட்டார். வைத்துவிட்டு உடனே இன்னொரு எண்ணை அழைத்தார். அது அந்தப் பெண்ணுக்கு. மற்ற யாருக்கும் முன்னால் அவளுக்குத்தான் தெரிய வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. “நீங்க மூணு பேரும் சொன்னது உண்மைன்னு விசாரணைக் குழுவுல எழுதிக் குடுத்துட்டாங்கம்மா” என்றாராம். அவள் நம்ப முடியாமல், “வேற எந்தச் சபைக்கும் போக முடியாதாக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அக்காவும் சலிக்காமல், “எங்கயும் முடியாது, எங்கயும் முடியாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

திரும்பி வந்து ஏறிக் கதவைச் சாத்தினார்.

“அவரை ஊழியத்துல இருந்தே நீக்கிட்டாங்க. போலீஸ் கேஸ் தனியா நடக்கும். ஞாயித்துக்கிழமை ஆராதனையில அறிவிப்பாங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க, சார்.”

“அப்பாடா!” என்றேன், வண்டியே அதிரும்படி. நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போல இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று திரும்பினேன். அக்கா அதற்குள் தன் இருக்கையைப் பின்னால் சாய்த்திருந்தார்.

“ஒரு பத்து நிமிஷம் இப்படியே நிக்கட்டும். எத்தனை நாளாச்சு தெரியுமா, ஒழுங்காத் தூங்கி?”

கண்ணை மூடிக்கொண்டார். கிராம்பு ஒதுக்கிய கன்னம் தளர்ந்தது. மரத்திலிருந்து ஓர் இலை விழுந்து கண்ணாடியில் ஒட்டியது.

“நீங்க தூங்குங்கக்கா. நான் வேணும்னா வண்டியை மெதுவா…” என்று ஆரம்பித்தேன்.

மூடிய கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவி, வண்டிச் சாவியை உருவி எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார். அடுத்த நிமிடம் குறட்டை விட்டார்.