டெஸ்டிங் பிளேட்டு

மொட்டைக் கொட்டகையிலிருந்து நாகபூஷணம் வெளியே வந்தபோது இந்திராணி அதே தூணருகில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. "வா, போவலாம்" என்று கையைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று உதறினாள்.

"யாருய்யா நீ? எங்க ஊட்டுக்காரரு உள்ள போயிக்கிறாரு. வரட்டும், சொல்றேன்."

மகனுக்கு அமெரிக்க விசா கிடைத்தால் முடி கொடுப்பதாக வேண்டுதல். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளை அந்த நாடு வாரிக்கொண்டிருந்த சமயம். மகனும் விமானம் ஏறிவிட்டான். இந்திராணியின் நினைவு அதற்கு முன்பே கரையத் தொடங்கியிருந்தது. சாமான்களின் பெயர் போயிற்று, மகன் முகம் போயிற்று, கடைசியில் தன் பெயரும் போயிற்று. மிச்சம் இருந்தது புருஷன் முகம்தான். சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமான அந்த முகத்தைத்தான் இன்று கத்திக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சோடா வாங்கி வந்தால் கோபம் ஆறுமென்று நாலு எட்டு நடந்தார். திரும்பி வந்தால் தூண்தான் இருந்தது.

போலீஸ் சாவடியில் மைக் பிடித்திருந்த கான்ஸ்டபிள் நல்ல மனுஷர். தெலுங்கிலும் தமிழிலும் அறிவித்தார்.

"பேரு சொன்னா அவளுக்குத் தெரியாது சார்."

"அப்ப உங்க பேரச் சொல்றேன்."

"அத அவ வாயால சொன்னதே இல்லியே."

"சரி பெத்தாயனா, அடையாளமாச்சும் சொல்லுங்க. யார்கிட்ட வரச் சொல்லட்டும்? மொட்ட போட்ட பெரியவர்கிட்டயா?" கான்ஸ்டபிள் வெளியே கை காட்டினார். தெரு நிறைய மொட்டைகள்.

பஸ் ஸ்டாண்டைச் சலித்தார். கோவிந்தராஜர் கோயில் சந்துகளைச் சலித்தார். ரயில் நிலையத்தில் பம்பாய் வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்தபடி ஓடினார். வண்டி போய்விட்டது. அவள் அதில் இருந்தாளா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. வெளியே வந்து நின்றபோது எதிர்ச் சந்தில் குழாய் ஸ்பீக்கர் ஒன்று கரகரத்தது. வேதாச்சலத்தின் கேசட் கடை.

நாகபூஷணம் முன்பு குடிபாலாவில் மைக் செட் வைத்திருந்தவர். எல்லை ஊர்களில் முதல் பாட்டு எது என்பதில் சண்டை வரும். தமிழ்த் தெருவுக்கு ஒரு நடிகர், தெலுங்குத் தெருவுக்கு வேறொருவர். அதனால் குழாயைச் சோதிக்க வார்த்தையே இல்லாத ஒரு கிராமபோன் பிளேட்டை வைத்திருந்தார். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி கொடுத்துவிட்டுப் போனது. அட்டையில் ஒரு கறுப்பு மனிதர், வரிசையாக அடுக்கிய உலோகப் பட்டைகளின் மேல் குச்சிகளை ஓங்கியபடி இருப்பார். கிணிகிணியென்று அது கிளம்பினால் ஜனம் "டெஸ்டிங்" என்று புரிந்துகொள்ளும். பக்கத்து ஊரிலிருந்து அந்தச் சத்தம் காற்றில் வந்தால், இந்திராணி வீட்டில் நிம்மதியாக உலை வைப்பாள்: மனுஷன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேசட் வந்து தொழில் படுத்ததும் பிளேட்டுகளை எல்லாம் வேதாச்சலத்திடம் தள்ளிவிட்டிருந்தார்.

"இன்னா நைனா, சாமி பாட்டா?" என்ற வேதாச்சலம் உற்றுப் பார்த்தான். "அட, நாகண்ணா! ஆளே தெரியல."

"டெஸ்டிங் பிளேட்டு இன்னும் உங்கிட்ட கீதா?"

"அத எவன் வாங்குவான்? ஒரு காலேஜ் பையன் தூக்கிப் பாத்துட்டு, இது ஜாஸு, அமெரிக்கா மியூசிக்கு, இந்த வாத்தியம் வைப்ரஃபோனு, அந்தக் காலத்துல இந்தப் பிளேட்டக் கேக்க ஆளில்லாமப் போச்சுன்னான். அப்புறம் அவனும் சினிமா கேசட்தான் வாங்கினு போனான்." தண்ணீர்ப் பானை மேல் மூடியாகக் கிடந்த அட்டையைப் பிளேட்டோடு எடுத்து நீட்டினான்.

குழாயை ரயில் ஸ்டேஷன் பக்கம் திருப்பி முள்ளை வைத்தார்கள். நாகபூஷணம் குழாயை அண்ணாந்து பார்த்தார். இது அது இல்லை. ஒவ்வொரு அடியும் காற்றில் நின்று நடுங்கி, மெல்ல அடங்கியது. அடியில் தடித்த தந்தி ஒன்றின் ஒலி நிதானமாக நடந்து போயிற்று. இத்தனை வருஷத்தில் அவர் காதில் விழாதது. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

"இதான்ணா அசல் வேகம். உன் மிஷின்ல குமிழ் நாப்பத்தஞ்சுலயே இறுகிப்போச்சே. சின்ன பிளேட்டு வேகத்துல பெரிய பிளேட்ட ஓட்டிக்கினு இருந்த."

"அந்த வேகத்துலயே வையி!"

"இந்த மிஷின்ல நாப்பத்தஞ்சு செத்துப்போச்சு."

நாகபூஷணம் நடுக் காகிதத்தின் ஓரத்தில் விரலை வைத்துப் பிளேட்டைத் தள்ளினார். தாளம் திக்கியது, இழுத்தது, அப்புறம் கிணிகிணியென்று பிடித்துக்கொண்டது. விரலை எடுக்காமல் சுற்றினார். தெருவில் ஜனம் போயிற்று, வந்தது. அவள் வரவில்லை. பக்கம் முடிந்ததும் முள்ளைத் திரும்பத் தொடக்கத்தில் வைத்தார். மறுபடியும் வைத்தார். விரல் நுனி எரிந்தது.

ஸ்பீக்கருக்குக் கீழே ஒருத்தி அண்ணாந்து நின்றாள். ஒரு காலில் செருப்பில்லை.

"யோவ் மொட்ட," என்றாள் உள்ளே வந்து. "செட்டுக்காரரு எங்க?"

விரல் நிற்கவில்லை. "டீ குடிக்கப் போயிக்கிறாரு. உக்காரும்மா."

"இது ஓடுனா அவரு இங்கதான் இருப்பாரு. எனக்குத் தெரியும்." ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகம் துடைத்தாள்.

முள் மையத்துக்கு வந்துவிட்டது. சத்தம் நின்றதும் அவள் எழுந்தாள். அவர் அவசரமாக முள்ளைத் தூக்கி ஆரம்பத்தில் வைத்துச் சுற்றினார். அவள் சலிப்போடு மறுபடி உட்கார்ந்தாள்.

"இன்னும் டெஸ்டிங்தானா? பாட்டு எப்பதான் போடுவாரு?"