வளைய வேண்டிய செடி

அந்தத் தையல்காரியைத் தெருவில் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டாள். சுவரில் படம் சாய்ந்திருந்தால் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. ஒரு தையல் கோணினால் போதும், முழு மடிப்பையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சி வேலையில் தலையிடாதே என்றால் முடிகிற காரியமா?

போன வருஷம் மூத்தவன் காற்றாலை செய்ய வேண்டியிருந்தது. அட்டையை வெட்டினதும் அவள்தான், ஒட்டினதும் அவள்தான். பையன் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "இது எப்படிப்பா சுத்துது?" என்று கேட்க, பிள்ளை திருதிருவென்று விழித்திருக்கிறான். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, "இனிமே நீயே பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றான். இன்றைக்கும் டீச்சர் கேள்வி கேட்டால் அவனுக்கு வாய் எழும்புவதில்லை. அது அவள் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கிறது.

அதனால் இந்த வருஷம் சின்னவள் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "அம்மா, இது என்னோடது. நீ கை வெக்கக் கூடாது."

"நான் எதுக்குடி கை வெக்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"அண்ணன்கிட்டயும் இதைத்தான் சொன்னே."

பஸ் ஓட்டுகிற அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "உங்கம்மா கை வெக்காம இருந்தா நான் வண்டியப் பின்னாலயே ஓட்டிட்டுப் போறேன்" என்றான்.

சின்னவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவரை விதை போட்டு, முளைத்ததும் ஜன்னலில் கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலம் சாயங்காலம் அதைப் பார்த்துப் படம் வரைவாள். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. கேட்டால் அதுவும் தலையிடுவதாகிவிடுமோ என்று பயம்.

ஆனால் வீடு கூட்டும்போது கண் அங்கேதான் போகும். செடி ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிச் சாய்ந்துகொண்டு நின்றது. ஐயோ, பிள்ளை ஆசையாய் வளர்க்கிறது இப்படிக் கோணலாய்ப் போகிறதே! டப்பாவைத் திருப்பி வைத்தாள். சாயங்காலத்துக்குள் செடி நிமிர்ந்தது. மறுநாளும் சாய்ந்தது, மறுநாளும் திருப்பினாள். தண்ணீர் ஊற்றவில்லை, மண்ணைக் கிளறவில்லை, டப்பாவைத் திருப்புவதெல்லாம் கை வைப்பதில் சேர்த்தியா என்று தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

கண்காட்சிக்குச் சில நாள்தான் இருக்கும்போது சின்னவள் உதடு பிதுங்க வந்து நின்றாள். "அம்மா, செடி வளையவே மாட்டேங்குது."

தையல் மிஷினை மிதித்த கால் நின்றுவிட்டது. "வளையணுமா?"

"வெளிச்சம் இருக்கற பக்கம் வளையணும். அதுக்குத்தானே ஜன்னல்ல வெச்சேன். நான்தான் எதையோ தப்பாப் பண்ணிட்டேன்."

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் குற்றத்தைப் பிள்ளை தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறதே! "நீ ஒண்ணும் பண்ணலடி. நான்தான்... கோணலா நிக்குதேன்னு தினம் திருப்பி வெச்சேன்."

"அம்மா!"

அந்த ஒரு கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சின்னவள் அழுதாள், அப்புறம் உத்தரவு போட்டாள். "இனிமே ஜன்னல் பக்கமே நீ வரக்கூடாது."

வரவில்லை. மிஷினை இழுத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டாள். முதுகு பூராவும் கண் முளைத்த மாதிரி இருந்தது. ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்தாள், மறுபடி பிரித்தாள். மூத்தவன் வேறு சும்மா இல்லாமல், "அம்மா, செடி ரொம்பச் சாயுது, விழுந்திரும் போல" என்று சீண்டினான். "போடா, எரியற அடுப்புல எண்ணெய ஊத்தாதே" என்று துரத்தினாள்.

கண்காட்சிக்குச் செடி நன்றாக வளைந்தே போனது. அம்மாவும் கூடப் போனாள். டீச்சர் குனிந்து பார்த்தார். சின்னவள் ஜன்னல், வெளிச்சம் எல்லாம் சொல்லிவிட்டு, "நடுவுல எங்கம்மா தினம் திருப்பி வெச்சுட்டாங்க டீச்சர், அப்போ நேரா நின்னுச்சு" என்று அதையும் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்தது. சின்னவளுக்குச் சிவக்கவில்லை.

"சரி, இப்ப இதை இருட்டுல வெச்சா நிமிருமா?" என்று டீச்சர் கேட்டார்.

சின்னவள் செடியைப் பார்த்தாள். அம்மாவுக்குக் காற்றாலை ஞாபகம் வந்தது. பதில் தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லி மகளைக் காப்பாற்ற வாய் திறந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தெரியல டீச்சர்" என்றாள் சின்னவள். "வெச்சுப் பாத்துச் சொல்றேன்."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அந்தத் தலையாட்டல் நல்லதா கெட்டதா? அம்மாவுக்குப் பிடிபடவில்லை. வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சின்னவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"நிமிருமாடி? நீ என்ன நெனைக்கறே?"

"வீட்டுக்குப் போய் அலமாரி இருட்டுல வெச்சுப் பாக்கலாம். ஆனா கதவை நான்தான் சாத்துவேன், நான்தான் திறப்பேன்."