அக்கா கை வைத்த படங்கள்

பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சரான என் அக்காவின் பீரியடுக்கு மட்டும் கால் முளைத்திருந்தது. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சரிடம் போய்விடும். ஆண்டு விழா வந்தால் ஒத்திகைக்குப் போய்விடும். கணக்கு டீச்சர் கேட்பதுகூடக் கிடையாது. “இன்னிக்கு உங்க பிள்ளைங்க எங்கிட்ட. நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று ஏதோ உபகாரம் செய்வதுபோல் சொல்லிவிட்டுச் சாக்பீஸோடு கிளம்பிவிடுவார். அக்கா ரெஸ்ட் எடுத்ததில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஓவிய அறையில் உட்கார்ந்து, காய்ந்துபோன போஸ்டர் கலர் டப்பாக்களில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த முறை பீரியட் இரவலாகப் போகவில்லை, ஒரேயடியாகப் போக இருந்தது. அடுத்த ஆண்டு ஓவியத்தை எடுத்துவிட்டுக் கணக்கைக் கூட்டலாமா என்று நிர்வாகக் குழு யோசித்துக்கொண்டிருந்தது. பெற்றோர் கேட்கிறார்களாம். ‘ஒரு கண்காட்சி வையுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம்’ என்று சொல்லியிருந்தார்கள். நான் வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்து இறங்கியபோது வீட்டில் பேச்சே அதுதான். பஸ் ஓட்டும் அத்தான், “வேலை போச்சுன்னா என் வண்டிக்குப் பெயின்ட் அடிக்க வந்துடு. ஒரு பக்கம் பூரா சொட்டையா கெடக்கு” என்றார். அக்கா சிரிக்கவில்லை. அத்தானும் அதற்குப் பிறகு அந்த ஜோக்கைத் தொடவில்லை.

எனக்குத் தெரிந்த உதவியைச் செய்தேன். ஓவியக் கல்வியின் நோக்கங்கள் என்று ஒரு பேச்சைத் தயாரித்து, தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழிகளிலும் எழுதிக் கொடுத்தேன். கூர்ந்து நோக்கும் திறன், கற்பனை வளம், பிறரைப் புரிந்துகொள்ளும் பக்குவம் என்று எதையும் விடவில்லை. அக்கா நின்றபடியே வாசித்தாள். “எல்லாம் நெசந்தான்டா. ஆனா வாசிச்சா எனக்கே கொட்டாவி வருது” என்று மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவளிடம் இருந்தது பேச்சு அல்ல, பிடிவாதம்தான். பிள்ளைகளின் தாளில் அவள் கை படாது. கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து போட்டு, வகுப்பு முழுவதையும் அதே மலையைப் பார்த்து வரையச் சொன்ன வாத்தியாரிடம்தான் அவள் படித்தாள். எங்கள் ஊரில் மலையே கிடையாது. அதனாலோ என்னவோ, தான் டீச்சரான பிறகு எதையும் கரும்பலகையைப் பார்த்து வரையச் சொன்னதில்லை. ஏதாவது காட்டித்தர வேண்டுமென்றால் ஒரு துண்டுத் தாளில் வரைந்து காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவாள். பெயரையும் தாளின் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும். அவரவர் படம் அவரவருக்குத் தெரியாதா என்பாள்.

கண்காட்சிக்கு முன் படங்களைப் பார்க்கத் தலைமையாசிரியை வந்தார். நல்ல மனுஷி. பயந்த மனுஷியும்கூட. தலைப்பு, ‘வேலை செய்கிறவர்கள்’. மேசைகளுக்கு நாலு காலும் நாலு பக்கம் விரிந்திருந்தன. ஒரு தையல்காரிக்குக் கழுத்தே இல்லை. ஒருவருக்கு ஒரு கை முழங்காலுக்கும் கீழே தொங்கியது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “இதை இப்படியே மாட்டினா, இத்தனை வருஷமா என்னதான் சொல்லிக் குடுத்தீங்கன்னு கேப்பாங்க, டீச்சர். எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியாது. கொஞ்சம் கை வெச்சு விட்டுடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையை ஒழித்துவிட்டு அக்கா உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் தண்ணீர் மாற்றிக் கொடுத்தேன். முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். அப்புறம் ஒரு கோடுதான் போட்டாள். அடுத்ததில் இரண்டு. மாலைக்குள் தையல்காரிக்குக் கழுத்து வந்துவிட்டது. மேசைகளின் பின்கால்கள் முன்கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. நீளக் கையை வெள்ளைப் போஸ்டர் கலரால் மூடி, மேலே புதிதாக ஒரு சின்னக் கை போட்டாள். ஓரங்களைக் கறுப்பு மார்க்கரால் எடுத்துக் காட்டினாள். படங்கள் அழகாகத்தான் இருந்தன. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அவள் மட்டும் தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் எழுந்துபோனாள்.

கண்காட்சி நாளில் நிர்வாகக் குழுவினர் முதலில் உள்ளே வந்து படங்களைப் பார்த்தபடி நடந்தார்கள். அவர்களில் பேசுகிறவர் ஓர் ஆடிட்டர், எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர். “பரவாயில்லையே, நீட்டா இருக்கே” என்றார். அக்காவின் முகம் தெளிந்தது. பிறகு பிள்ளைகளையும் பெற்றோரையும் உள்ளே விட்டார்கள்.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சுவரோரமாக ஒரு முறை போனார்கள், திரும்பி வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தை தன் அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே மூன்றாம் தடவையாகச் சுற்றினாள். பெயர்கள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அறையில் யாருக்கும் தன் படம் எதுவென்று தெரியவில்லை. “டீச்சர், என்னோடதை மாட்டலையா?” என்று ஒரு குரல் கேட்டது. பின்னாலேயே இன்னொன்று. ஆடிட்டர் நின்று திரும்பினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கைப்பையைக் கண்ணால் காட்டினேன். அந்தப் பேச்சை எடுத்து வாசித்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்று, கடவுளே, அப்போதும் நினைத்தேன்.

அவள் ஒரு படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, பின்பக்கம் பார்த்து, அந்தப் பெண் குழந்தையிடம் நீட்டினாள். குழந்தை தலையை ஆட்டியது. “இது எங்கப்பா இல்ல. எங்கப்பாக்குக் கை நீளம்.”

அறையே சிரித்தது. கிடங்கில் மூட்டை அடுக்கும் அந்த அப்பா நெளிந்தார். “நல்லவேளை, எங்க மொதலாளி இங்க இல்ல” என்றார். சிரிப்பு கூடியது. அக்கா சிரிக்காமல் ஓவிய அறைக்குள் போய் ஈரத்துணியோடு வந்தாள். படத்தை மேசையில் விரித்துத் துடைத்தாள். கீழே இருந்தது மெழுகுக் கிரேயான், மெழுகின் மேல் போஸ்டர் கலர் கெட்டியாக ஒட்டாது. சின்னக் கை கரைந்து ஓடியது. வெள்ளை கலங்கிப் போயிற்று. பழைய நீளக் கை, சற்று அழுக்காக, வெளியே வந்தது.

“இதுதான்” என்றாள் குழந்தை.

“ஏன்டா கண்ணு இவ்ளோ நீளம்?” என்று அக்கா கேட்டாள்.

“மேல் தட்டுல இருக்கற மூட்டையை ஏணி இல்லாம எடுப்பாரு. நான் போயிப் பாத்தேன்.”

ஆடிட்டர் நெருங்கி வந்தார். “அப்போ மத்ததெல்லாம் நீங்க போட்டதா, டீச்சர்?”

“கை வெச்சுட்டேன் சார். எல்லாத்துலயும்.”

“நீங்க கை வெச்சா படம் நல்லா இருக்கு. வெக்கலைன்னா இப்படி இருக்கு. அப்புறம் சொல்லிக் குடுக்கறதுன்னா என்ன?”

அக்கா குழந்தையைக் காட்டினாள். “பாக்கச் சொல்லிக் குடுக்கறேன் சார். அவ போய்ப் பாத்துட்டு வந்திருக்கா. ஏன் நீளம்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம வெட்டிட்டேன். உங்களுக்குப் பயந்துக்கிட்டு.”

தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். ஆடிட்டர் அந்தப் படத்தை இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, குழுவினரோடு அடுத்த அறைக்குப் போனார். அக்கா துணியைப் பிழிந்தபடி நின்றாள். கைப்பை அவள் தோளில் மூடியபடியே கிடந்தது.

முடிவு வர நாளாயிற்று. அதற்குள் நான் வெளிநாட்டுக்குத் திரும்பிவந்துவிட்டேன். கடைசியில் அத்தான்தான் கூப்பிட்டுச் சொன்னார். பெரிய வகுப்புகளின் பீரியட் கணக்குக்குப் போய்விட்டது. சின்ன வகுப்புகளுக்கு இன்னும் ஓர் ஆண்டு, பிறகு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். “பாதிப் பொழப்பு தப்பிச்சுது, மச்சான்” என்றார்.

அக்கா படங்களைத் திருப்பிக் கொடுத்தாள். துடைக்க முடிந்தவற்றைத் துடைத்தாள். மார்க்கர் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும், உன் படத்தைக் கெடுத்துட்டேன், புதுசா வரைஞ்சுக்கோ என்று சொல்லித் தாள் கொடுத்திருக்கிறாள். பெரும்பாலானவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல்காரியை வரைந்த பெண் மட்டும், அக்கா திருத்திய படமே போதும், புதிது வேண்டாம் என்றிருக்கிறாள்.

“கழுத்து வந்ததுக்கப்புறம்தான் நல்லா இருக்காம்” என்று அக்கா போனில் சொன்னாள். “அடுத்ததையும் நீங்களே சரி பண்ணிக் குடுங்க டீச்சர்ங்கறா. புதுத் தாளைத் தொடவே மாட்டேங்கறா, தம்பி. முன்னெல்லாம் தாள் பத்தாம கேக்கற பொண்ணு. நான் கிட்டப் போனா பென்சிலை எடுத்து எங்கிட்ட நீட்டறா.”

“நீ என்ன பண்ணே?”

“என்ன பண்ண? கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன். பெல் அடிச்சிருச்சு.”

பின்னால் அத்தான் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு அவ வகுப்புக்கு மறுபடி பீரியட் இருக்கு” என்றாள் அக்கா.