கஸ்பார் மாமாவின் லென்ஸும் வின்ச்சுக் கிரீஸும்

கஸ்பார் மாமாவுக்குத் தெரியாத இயந்திரம் துறைமுகத்தில் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டுவது அவர் வேலை. கீழே நிற்கிறவன் கையைக் காட்டி "ஆரியா, ஆரியா" என்று கத்தினால் சரக்கை மெல்ல இறக்க வேண்டும். அதனால் ராயபுரத்தில் எங்கள் சந்துப் பையன்களுக்கு அவர் ஆரியா மாமா. வேலை முடிந்து அவர் சந்துக்குள் நுழையும்போது ஏதாவது ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து "ஆரியா!" என்று குரல் வரும். அது யாருடைய குரல் என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

"டேய், உங்கொப்பன் கட்டற மூட்டைய நான்தாண்டா மேல தூக்கிக்கினு கீறேன்! கயித்த வுட்டேன்னு வையி, ஒங்க வூட்ல சோறு நாஸ்தி!" என்று சுவரைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவர் போட்டோகிராபர். கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் வாங்கிய பழைய ஜெர்மன் கேமரா ஒன்று வைத்திருந்தார். முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைப் பிள்ளைகள், கல்யாண ஜோடி, சவப்பெட்டிக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற குடும்பம், எல்லாம் அவர் எடுத்ததுதான். அவர் படத்தில் யாருக்கும் தலை போகாது. கால்தான் போகும். அவர் படம் தொங்காத வீடு எங்கள் சந்தில் இல்லை.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். அங்கே தும்மினால் இங்கே என் அம்மா அடைக்கலமேரி "சேசுவே" என்பாள். அதனால் அந்த வீட்டுக் கதையை நான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மாமாவின் பெண்டாட்டி சிலுவையம்மாள். ஒரே மகள் ஆலிஸ். ஆலிஸ் அக்கா ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வெளியே வருகிற சிஸ்டர்கள் மடம் அல்ல அது. உள்ளே போனால் போனதுதான். பெற்றவர்கள் பார்க்கப் போனால் நடுவில் கம்பி அடைப்பு. கம்பிக்குப் பின்னால் கறுப்புத் துணி. துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். முதல் தடவை போய்வந்த சிலுவையம்மாள், "ரேடியோகிட்ட பேசிட்டு வந்தேன்க்கா" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குப் பாரிசவாயு வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போயின. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டதால் வார்த்தை நசுங்கித்தான் வரும். கட்டிலை விட்டு இறங்குவதென்றால் ஒருபக்கம் மாமா, ஒருபக்கம் என் அம்மா பிடிக்க வேண்டும். ரயிலேறுவது என்ற பேச்சே இல்லை.

இப்படி இருக்கும்போது மடத்திலிருந்து செய்தி வந்தது. வருகிற மே மாதம் ஆலிஸுக்கு நித்திய வார்த்தைப்பாடு, அதாவது ஆயுசுக்கும் மடத்திலேயே இருப்பேன் என்று கொடுக்கிற வாக்கு. அன்றைய பூசைக்கு மட்டும் கறுப்புத் துணியை விலக்குவார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மகளைப் பார்க்கலாம். பூசை முடிந்ததும் துணியை இழுத்துவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் குரல்தான். படம் எடுக்க மடத்துத் தாயார் அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி எடுக்க வேண்டும், எழுந்து நடமாடக் கூடாது.

"ஆலிஸ் நைனா," என்றாள் சிலுவையம்மாள். "அவ மூஞ்சிய எனக்குக் கொண்டாந்துரு."

"இம்மாம் பெருசா கொண்டாறேன் பாருமே," என்று மாமா இரண்டு கையையும் விரித்தார். முறம் அளவு இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து அவருடைய சாதாரண லென்ஸில் எடுத்தால் ஆலிஸ் அக்கா அரிசிமணி அளவுதான் விழுவாள். ஆனால் மாமாவிடம் ஒரு ஜூம் லென்ஸும் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே அதன் குழலை முன்னும் பின்னும் இழுத்தால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். போலந்துக் கப்பல்காரன் ஒருவன் கடலில் எறியப் போனதை "இங்க கொடு தொரே" என்று கேட்டு வாங்கிவந்தது. எறியப் போனவன் முட்டாள் இல்லை. குழல் தேய்ந்து லொடலொடவென்று ஆடும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் தானாகச் சரிந்து இறங்கும். உள் கண்ணாடியில் உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்து, பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது. மவுண்ட் ரோடு கடையில் காட்டியதற்கு, சாமான் சீமையிலிருந்து வர வேண்டும், தீபாவளிக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"தீபாவளியாம்! வின்ச்சையே கய்ட்டி மாட்டறவன் நானு. இது இன்னா, ஒரு டப்பா," என்று மாமா வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிலுவையம்மாளின் கட்டில்மேலேயே வெள்ளை வேட்டியை விரித்து வேலையைத் தொடங்கினார். முன்பக்க வளையம் சுற்ற மறுத்தது. ரப்பர் செருப்பிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, அதை வளையத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருகினார். கிறீச்சென்று கழன்றது.

"நண்டு ஒடைக்கிற மாதிரி ஒடைக்கிறியேய்யா," என்றாள் சிலுவையம்மாள்.

"நீ சும்மா கெட. கைய நீட்டு."

குழலைப் பிடித்திருந்த எறும்பளவு திருகாணிகளைக் கழற்றி, அவளுடைய நல்ல கையில் வைத்து மூடினார். வேலை முடிகிறவரைக்கும் அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தபோதும் தலையை ஆட்டித்தான் விரட்டினாள்.

எந்த வளையம் எந்த இடத்தில் கழன்றது என்று ஊசியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டுதான் மாமா அடுத்ததைத் தொட்டார். பூஞ்சை பிடித்த கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய மல் வேட்டித் துண்டால் ஒற்றினார். என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, புதுநன்மைப் பிள்ளையைக்கூட இவ்வளவு பதமாகக் குளிப்பாட்டமாட்டார்கள் என்றாள். அதுவரைக்கும் எல்லாமே சரி.

குழலின் உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து பொருக்காகி இருந்தது. மாமா அதைப் பெட்ரோலில் துடைத்துவிட்டு, "பாத்தியா, கிரீஸ் காஞ்சிதான் புடிப்பு வுட்டுப்போச்சு" என்றார். அதுவும் சரிதான். பிறகு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தார். துறைமுகத்தில் வின்ச்சுக்குப் போடுகிற கிரீஸ் அது. வெல்லப்பாகு நிறம். எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணினால் இரும்பு கடிக்கும் என்பது வின்ச்சுக்காரர்கள் வேதம். மாமா விரல் நிறைய வழித்து வழித்துக் குழல் முழுக்கப் பூசினார். "ஆரியா... ஆரியா..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குழலை மெல்ல இறக்கினார். சிலுவையம்மாள் கையைத் திறந்தாள். வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார்.

வேலை முடிந்து கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தார். குழல் சரியவில்லை. இழுத்தால் நெய்யில் இழுத்ததுபோல் வழுவழுவென்று வந்தது. சிலுவையம்மாளின் தலையைத் தாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, கேமராவை அவள் கண்ணில் வைத்தார்.

"இன்னா தெரியுது?"

"காக்கா."

"காக்கா தெரியும். காக்கா கண்ணு தெரியுதா?"

"தெரியுதுய்யா. நம்பளத்தான் பாக்குது."

சந்தே வந்து அந்தக் காக்காவைப் பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு மாத்திரம் சுவருக்குப் பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

மே மாதம் மாமா போய்வந்தார். கோட்டு போட்டுக்கொண்டு போனவர், கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். ஆற்காட்டு வெயிலில் கல்லே வேகும். "எப்டிக் கீறா?" என்று கேட்ட சிலுவையம்மாளிடம், "படத்துலயே பாத்துக்கோ" என்று சிரித்தார். மறுநாளே பிலிமை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனார். அங்கே தமீம் பாயின் ஸ்டூடியோவில்தான் அவர் பிலிம் கழுவுவது. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து ஓடிப்போன தோஸ்துகள். படம் வாங்கும் நாளில் நானும் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன்.

தமீம் பாய் பிலிமை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு, "மாமு, அந்த லென்ஸ எடு" என்றார். கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே மழைபெய்த ஜன்னல் மாதிரி இருந்தது.

"இதுல இன்னாத்தப் போட்ட?"

"கிரீஸு."

"இன்னா கிரீஸு?"

மாமா சொன்னார். தமீம் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது கப்பலு மாமு, இது கண்ணாடி. வெயில்ல உருகி, உள்ள பூரா வயிஞ்சி கீது. எடுக்கச்சொல்லோ மங்கலாத் தெரிஞ்சிருக்குமே? நீ பாக்கல?"

"தெரிஞ்சிது."

"தெரிஞ்சிமா எடுத்த?"

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். "துணிய வெலக்கனாங்க. கேமராவுல கண்ண வெச்சேன். எல்லாம் கலங்கலாக் கீது. சரி, அழுவறோம்னு நெனச்சேன். தோள்ல கண்ணத் தொடச்சேன். மறுபடியும் கலங்கல். அந்தக் கண்ண வெச்சேன், இந்தக் கண்ண வெச்சேன். அழுவாதடா கஸ்பாரு, கை ஆடிப்பூடும், அழுவாதடான்னு எனக்கே சொல்லிக்கினே எடுத்தேன். துணிய மூடறவரிக்கும் கேமராவ வுட்டு வேற எங்கியும் பாக்கல." தமீம் பாய் கையிலிருந்த லென்ஸைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் அழுவலயா தமீமு?" என்றார்.

"அழுதுகினும் இருந்திருப்ப மாமு," என்றார் தமீம் பாய், லென்ஸை மெதுவாகக் கீழே வைத்து. "ரெண்டும்தான்."

இருக்கிறதில் தேவலையாக ஒன்றை அவர் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். பால் கொட்டியதுபோல் வெள்ளை. நடுவில் கம்பிகளின் நிழல். அதற்குப் பின்னால் வெள்ளை அங்கி, கறுப்பு முக்காடு, நடுவே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சம். சுற்றிலும் வளையம் வளையமாக ஒளி.

மாமா அதை வீட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அதுதான் வம்பாகப் போயிற்று. சிலுவையம்மாளுக்குக் கஞ்சி கொடுக்கப் போன என் அம்மா படத்தைப் பார்த்தாள். "சேசு மரி சூசையே!" என்று முழந்தாளிட்டாள். சாயங்காலத்துக்குள் சந்துப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆலிஸைச் சுற்றி ஒளிவட்டம், சாமியின் அற்புதம், புதுமை நடந்திருக்கிறது என்று செபமாலை தொடங்கிவிட்டது. கிரீஸுக்கு மெழுகுவத்தி ஏற்றிய ஊர் உலகத்தில் ராயபுரம் ஒன்றுதான் இருக்கும். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்தே செத்திருப்பேன்.

மாமா திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யம்மா, எழுந்திரிங்கம்மா. அது புதுமையும் இல்ல, ஒண்ணியும் இல்ல. கிரீஸும்மா அது! வின்ச்சு கிரீஸு! நான் போட்டது!"

"பாத்தியா தாழ்ச்சிய, இன்னா அடக்கம்," என்றாள் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம். "அப்பனுக்கு இருந்தாத்தானே மவளுக்கு வரும்."

அவர் கெஞ்சினார். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து காட்டினார். ஒரு கிழவி அதில் விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில் என் அம்மாதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் மாமா கட்டிலோரம் உட்கார்ந்த சத்தம் வந்தது. பிறகு சிலுவையம்மாளின் நசுங்கிய குரல் கேட்டது.

"எனக்கு ஒளி வாணாம்யா. மூக்கு வோணும். கன்னம் ஒட்டிப்போச்சா, பூசுனாப்ல கீறாளான்னு தெரியணும்."

"இன்னொருக்கா கய்ட்டி நல்லா தொடச்சி..."

"தொடச்சி? துணிய இயுத்துட்டாங்களே."

ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியைத் திருகுகிற சத்தம் வந்தது.

"சரி வுடு. படம் போனா போவுது. நீ பாத்தல்ல? உன் கண்ணால பாத்தத சொல்லு."

பலகைக்கு இந்தப் பக்கம் என் அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள். துணி விலகியதிலிருந்து மூடுகிறவரைக்கும் மாமா கேமராவை விட்டு வேறெங்கும் பார்க்கவே இல்லை. தமீம் பாய் கடையில் அவரே சொன்னதுதான். கடைசி பெஞ்சிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்திருந்தாலாவது அரிசிமணி அளவு பார்த்திருக்கலாம்.

"பாத்தேன்," என்றார் மாமா.

"எப்டிக் கீறா?"

"நல்லாக் கீறா. கன்னம்லாம் ஒட்டல. பூசுனாப்லதான் கீறா. உன்ன மாரியே. சாமியாரு அவ பேரச் சொல்லிக் கூப்ட்டாரு, எழுந்து நின்னா. நெத்தில முடி வந்து வுயுந்துச்சுமே, சின்னதுல செய்வாளே, அதே மாரி வாயால ஊதித் தள்ளிக்கினா..."

மடத்துக்குள் போனவர்களுக்கு முடியை ஒட்ட வெட்டி, நெற்றியை மூடித் துணி கட்டிவிடுவார்கள். எங்கள் சந்தில் அது தெரியாதவர் இல்லை. ஆலிஸ் அக்காவின் ஜடையை வெட்டி மடத்திலிருந்து தாளில் சுற்றிக் கொடுத்தபோது, அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்ததே சிலுவையம்மாள்தான். மாமாவுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

கட்டில் கிறீச்சிட்டது. அவள் மாமா பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்.

"ஊதித் தள்ளிக்கினா," என்றாள் சிலுவையம்மாள். "அப்பால?"