தொட்டியில் யார் கை வைத்தது

காலைக் காபி முடிந்ததும் என் மாமனார் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் மீன் தொட்டித் தண்ணீரைப் பிடிப்பார். அதில் சில சொட்டு மருந்து விட்டு, மூடியைத் திருகிக் குலுக்கி, பால்கனி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். குப்பியை விரலால் மூடிக் குலுக்க மாட்டார். விரலில் இருக்கும் அழுக்கும் கணக்கில் சேர்ந்துவிடுமாம். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தால் "ம்" என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பச்சை தட்டினால் போதும், குப்பியைக் கையில் பிடித்தபடியே திரும்பி வீட்டிலிருக்கிற எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே அந்தப் பார்வை எனக்குக் கிடைத்துவிட்டது.

கைலாசபுரம் தொழிற்சாலையில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் இரண்டாம் மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கி, ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கடல் தொட்டி வைத்தார். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். நடுவிலே உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் நல்ல தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கொட்டிக் கடல் செய்துகொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? உப்பு பாக்கெட்டில் எழுதியிருப்பதை அவர் நம்ப மாட்டார். ஆர்.ஓ. மெஷினை நம்ப மாட்டார். ஒரு தெர்மாமீட்டரைச் சரிபார்க்க இன்னொரு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். "தண்ணி பாக்கத் தெளிவாத்தாம்மா இருக்கும். தெளிவா இருக்கறதத்தான் முதல்ல சந்தேகப்படணும்" என்பார்.

சந்தேகம் எனக்கும் புதிதில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. காய்ச்சலுக்குப் படுத்தவர் எதற்காக எலும்பு முறிவுக் கட்டுக்குப் பில் போட்டிருக்கிறார் என்று கேட்பதற்குத்தான் சம்பளமே. கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். ஆக, வாரம் முழுக்க அந்த வீட்டில் இரண்டு சந்தேகப் பேர்வழிகளும் என் மாமியாரும் இருந்தோம். அத்தைக்குச் சந்தேகப்படவே தெரியாது. கறிகாய்க்காரர் எடைபோடும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற பெண்மணி அவர். பார்த்தால் கறிகாய்க்காரர் சங்கடப்படுவாராம்.

கடல் தொட்டியில் தினம் ஒரு வேலை உண்டு. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டாவிட்டால் உள்ளே உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார் மாமா. தினமும் ஸ்டூல் மேல் ஏறி, கோடு வரைக்கும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவார். அவருக்கு முட்டி வலி. அவர் ஏறும்போதெல்லாம் அத்தை ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். "விழுந்து வைக்கப் போறீங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அந்தக் கோடையில்தான் தொட்டியில் சாவு விழ ஆரம்பித்தது. முதலில் நத்தைகள். பிறகு முதுகில் சிவப்புக் கோடு போட்ட இறால். அப்புறம் பூ மாதிரி விரிந்து ஆடிக்கொண்டிருந்த பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மூடிக்கொண்டன. மாமா குப்பி குப்பியாகப் பார்த்தார். தண்ணீரை மாற்றினார், உப்பை மாற்றினார், ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்: "இந்த வீட்ல புதுசா வந்தது என்ன?"

புதிதாக வந்தது நான்தான். என்னோடு வந்த ரூம் ஸ்பிரே முதலில் குப்பைக்குப் போனது. அடுத்து கொசு மருந்து. அதற்கும் அடுத்து, "கையைக் காட்டும்மா" என்றார். காட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "க்ரீம் போடறியா?" என்றார். போடுகிறேன் என்றேன். "தொட்டிக்குள்ள கைய விட்டியா?" இல்லை என்றேன். "ம்" என்றார். குப்பி மஞ்சளாக இருக்கும்போது சொல்கிற "ம்" அது இல்லை. என் வயதுக்கு, என் படிப்புக்கு, ஒரு திருட்டுப் பூனையை முகர்வதுபோல் முகர்ந்துவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. க்ரீம் போடுவதையும் விட்டேன். இரண்டாவது இறாலும் செத்தது.

அந்தச் சமயத்தில் மாமாவின் தங்கை வந்திருந்தார். பாதி காலியான தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ன செய்யறது, சிலர் வர்ற நேரம் அப்படி அமைஞ்சுடுது." மாமா பக்கத்திலேயே இருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேப்பரைத் திருப்பினார். அந்த வாரம் கணவர் போனில் தயங்கித் தயங்கி, "நீ தெரியாம ஏதாவது..." என்று இழுத்தார். அதோடு எனக்கு உறைத்துவிட்டது. இனி அந்த வீட்டில் பால் திரிந்தாலும் நான் வந்த நேரம்தான், குழாய் உடைந்தாலும் நான் வந்த நேரம்தான். ஒரு மருமகளின் மேல் இந்தப் பேர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அப்புறம் தேய்த்துக் கழுவினாலும் போகாது.

ஆகவே தொட்டியை ஒரு சந்தேகமான பில்லாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு விஷயம் இடித்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மீன் இருந்தது. அவை மட்டும் கொழுகொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. நத்தையையும் இறாலையும் பவளத்தையும் கொல்கிற விஷம் மீனை ஏன் விடுகிறது? இன்னொன்று, அந்தக் கோடு. திருச்சி வெயிலில், ஃபேன் ஓடுகிற ஹாலில், தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கவே இல்லை. மாமா ஸ்டூலில் ஏறி நான் பல நாளாகப் பார்க்கவில்லை. யாரோ ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் லீவு போட்டேன். ஆபீசுக்குப் போவதுபோல் கிளம்பிக் கீழே இறங்கி, மாமா வாக்கிங் போவதைப் பார்த்துவிட்டு, என் சாவியால் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். அத்தை ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் செம்பு. கீழே, சமையலறை வாசலில், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தங்கமாய் மின்னுகிற அவருடைய செம்புக் குடம். "மெல்லக் குடிங்கடா கண்ணுங்களா, காவேரித் தண்ணி" என்று மீனிடம் பேசிக்கொண்டே ஊற்றினார்.

என்னைப் பார்த்ததும் அவர் பயப்படவில்லை, வெட்கப்பட்டார். "அவங்களுக்கு முட்டி வலிக்குதேன்னுதாம்மா. அந்த மெஷின் தண்ணியில சத்தே இல்ல, அது செத்த தண்ணி. குடத்துல ராத்திரி பூரா வச்ச தண்ணி உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா? பாவம், ஏற்கெனவே சாகுதுங்க. அதான் இப்ப ரெண்டு செம்பா ஊத்தறேன்" என்றார். மாமாவிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டார். தானாகத் தண்ணீர் நிறைந்திருப்பதைப் பார்த்து அவர் ஸ்டூலில் ஏறாமல் இருக்கிறாரே, அது போதும் என்றார்.

போனில் தேடியபோது ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. தாமிரம். மனுஷனுக்கு நல்லது என்று நாம் நம்புகிற அதே தாமிரம், தண்ணீரில் இம்மி கலந்தாலும் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடுமாம். மீன் ஓரளவுக்குத் தாங்கும். தினம் தினம் ஊற்றினால் தொட்டியிலிருக்கிற பாறையிலும் மணலிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் கேஸ் முடிந்தது. சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. யாரோ என் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மாமாவைப் புத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அத்தையின் மேல் பழி விழாத மாதிரி வார்த்தை பார்த்துப் பார்த்து ஆரம்பித்தேன். "மாமா, செம்புக் குடத்துத் தண்ணி..."

"தெரியும்" என்றார்.

கண்ணைத் திறக்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ரெண்டாவது எறா செத்தப்பவே. தாமிரம் பாக்கற மருந்து வாங்கிப் பாத்துட்டேன். வீட்ல இருக்கற செம்பு அது ஒண்ணுதானே."

"அப்ப உங்க தங்கச்சி என்னைச் சொன்னப்போ ஏன் மாமா பேசாம இருந்தீங்க?"

 நர்ஸ் வந்து இன்னொரு சொட்டு விட்டுவிட்டுப் போனார். பிறகு மாமா சொன்னார். குவார்ட்டர்ஸில் இருந்தபோது அத்தை எலிக்கு மருந்து வைத்து, அதைப் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி தின்று செத்துவிட்டதாம். மாசக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லையாம். தன் கையால் ஒரு உயிர் போயிற்று என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். "இத்தனையும் அவ கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா உங்க அத்தை தாங்க மாட்டா. ஊத்தாதேன்னா ஏன்னு கேப்பா. வேற யார் மேலயாவது போட்டுத்தானே ஆகணும். நீ தாங்குவேன்னு விட்டுட்டேன்."

நீ தாங்குவே. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. பலமாக இருக்கிற மாட்டின் மேல்தான் இன்னொரு மூட்டையை ஏற்றுவார்கள். கோபம் வந்தது, ஆட்டோவில் வரும்போதும் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. அவர் மனைவியின் மேல் வைத்தது அன்புதானா, இல்லை, வீட்டுச் சமாதானத்துக்கு வந்தவள் மேல் பழி போடுவது சுலபமாக இருந்ததா? என்னை முகர்ந்து பார்த்த அன்று நிஜமாகவே தெரியாதா, தெரிந்தே முகர்ந்தாரா? பில்லைச் சரிபார்க்கிற புத்தி எனக்கு. எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன், கூட்டல் சரியாக வரவே இல்லை.

ஆனாலும் அத்தையிடம் நான் சொல்லவில்லை. வரும் வழியில் இருவரும் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினோம். செம்புத் தண்ணீர் மாமாவின் வயிற்றுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதாக நான்தான் பொய் சொன்னேன். அத்தை உடனே செம்புக் குடத்தைப் பரணில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு மாமா தினமும் குப்பியை என்னிடம் நீட்டி, "நீ பாத்துச் சொல்லும்மா" என்பார். அது பரிகாரமா, வேலை வாங்குவதா என்று அதிலும் எனக்குச் சந்தேகம்தான். மாமா காலமான பிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா அப்படிப் பண்ணியிருக்க மாட்டாரே" என்றார். 

தொட்டி இன்னும் ஹாலில் இருக்கிறது. அந்த ஜோடி மீனும் இருக்கிறது. தண்ணீர் பார்ப்பது நான்தான். போன மாசம் ஒரு மத்தியானம் அத்தை தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இதுல அப்ப பூவாட்டம் விரிஞ்சிருக்குமே, அதெல்லாம் என்னதாம்மா ஆச்சு? உங்க மாமா கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றார்.

இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. மாமா இல்லை, தடுக்க யாருமில்லை. அத்தை தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அத்தை. தெரியாம தண்ணிக்குள்ள கைய விட்டுட்டேன்" என்றேன்.

அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும்மா. அவ வேணும்னு பண்ணியிருக்க மாட்டா, சின்னப் பொண்ணு, ஒண்ணும் சொல்லாதீங்கன்னு உங்க மாமாகிட்ட நான்தான் சொன்னேன். அவங்களும் அன்னிக்கே உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டாங்க. நீ மனசுல வச்சுக்காத."

அவர் முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். அப்பவே தெரிந்தவர் இப்போது ஏன் கேட்டார், நம்பித்தான் சொல்கிறாரா என்று ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி அத்தை" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.