விலைச்சீட்டுக் கழற்றாத லைஃப் ஜக்கெற்

கனடாவில், மார்க்கம் வீட்டுக் கராஜில் கிடந்த தம்பியின் சின்ன வள்ளத்தை இன்று விற்றேன்.

வாங்க வந்தவர் வன்கூவருக்குக் குடிபோகிறாராம். "அங்க கடலில சால்மன் பிடிக்கிறது வேற மாதிரி அக்கா. நீரோட்டம் திரும்புற நேரம் பாத்து, இரையை ஆழத்தில விட்டு, வள்ளத்தை மெல்ல மெல்ல ஓடவேணும்."

தலையாட்டினேன்.

"லைஃப் ஜக்கெற்றில விலைச்சீட்டும் கழட்டேல்லை. ஒருக்காலும் போடேல்லையோ?"

"இல்லை. ஏரித் தண்ணிக்குள்ள தாண்டு செத்த அண்டைக்கும் தம்பி போடேல்லை."

சொல்லிவிட்டு, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் ஜக்கெற்றை மடித்து வள்ளத்தின் இருக்கைக்குக் கீழே செருகினார்.

"உந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு மீன் இழுக்கேலாது அக்கா."

லைஃப் ஜக்கெற் போடாததற்குத் தம்பி சொன்ன சாட்டு, வெக்கை. வள்ளத்தில் போகிற மற்றவர்களும் உங்கள் சாட்டுகளைக் கீழே எழுதுங்கள்.