மூன்றாவது ஆணி

ராய்ஸ் ஹேக்கட் உயிரோடிருந்த வரை, அவரை விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை. இறால் பொரித்து, பீரைத் திறந்து வைத்து, மெல்ல அந்தப் படிவத்தைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். ராய்ஸ் இறாலைத் தின்பார், பீரைக் குடிப்பார், பரணில் ஏறுவார், இறங்கி வந்து கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டுப் போவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

புயல்காற்றை வீடு தாங்குமா என்று பார்த்துப் படிவம் நிரப்புவது அவர் தொழில். படிவம் நன்றாக அமைந்தால் இன்சூரன்ஸ் பிரீமியம் குறையும். புளோரிடாவின் அந்தக் கரையில் கடலுக்குப் பயந்தவர்களைவிட, பிரீமியம் பில் வந்து விழும் தபால்பெட்டிக்குப் பயந்தவர்களே அதிகம். புயல் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. பிரீமியம் அப்படியல்ல.

கூரைச் சட்டங்கள் ஒவ்வொன்றையும் சுவரோடு சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை இருக்கும். அதில் மூன்று ஆணி வேண்டும். இரண்டே இருந்தால் பட்டையே இல்லை என்று கணக்கு. அதோடு, வீட்டிலேயே மோசமான பட்டை எதுவோ அதுதான் வீட்டுக்கே மதிப்பெண். ஒரு பையன் தோற்றால் வகுப்பு முழுவதையும் தோற்கடிக்கிற பள்ளிக்கூடம். ராய்ஸுக்கு அந்தப் பள்ளிக்கூடம் மிகவும் பிடித்திருந்தது.

அவருடைய அக்காள் நோரீனுக்கு அப்போது அறுபத்தாறு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கணவர் வேறொருத்தியோடு ஜார்ஜியாவுக்குப் போனபின் மிச்சமிருந்தது அந்த வீடு ஒன்றுதான். அந்த வருடம் பிரீமியம் ஏறிய ஏற்றத்தில் அதுவும் கைவிட்டுப் போகும் நிலை. மாதக் கடைசிக்குள் நல்ல படிவம் போகாவிட்டால், வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவில் மகள் வீட்டு நிலவறையில் குடியேற வேண்டும். மற்ற இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் ஆறு வாரம் கழித்துத்தான் வர முடியும் என்றார்கள். வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டார். சொந்த அக்காளுக்கு எப்படி எழுதுகிறான் பார்ப்போம் என்று தெருவே காத்திருந்தது.

ஜூலை மாத நடுப்பகல். ராய்ஸ் பரணில் ஏறி, வெயில் சூடு இறங்காமலிருக்கப் பரப்பிய கண்ணாடிப் பஞ்சுக்குள் ஊர்ந்துபோய் வெகுநேரம் திரும்பவில்லை.

"என்னடா, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா?" என்றார் நோரீன், ஏணியடியிலிருந்து.

"ஒண்ணுல ரெண்டு ஆணிதான் இருக்குக்கா. குளியலறைக்கு மேல. குழாய் குறுக்க போகுது, அடிச்சவன் சோம்பல்பட்டு விட்டுட்டான்."

"மொத்தம் எத்தனை?"

"நாப்பத்திநாலு."

"அப்ப மிச்ச நாப்பத்திமூணப் படம் புடிச்சிட்டு எறங்கு."

"மோசமானதத்தான் புடிக்கணும்."

"சின்னதுலருந்தே உனக்கு மோசமானதுதான் கண்ணுல படும். என் கல்யாணத்தன்னிக்கும் மாப்பிள்ள பல்லத்தான பாத்துக்கிட்டு நின்ன."

"அது பொய்ப்பல்லுக்கா."

"புருசனே பொய்யாப் போனான், பல்லுக்கு வந்துட்டான். சுத்தியல் எடுத்துத் தரேன். ஒண்ணு அடிச்சிட்டு வா."

"நான் பரிசோதிக்கிற வீட்டுல நானே ரிப்பேர் பண்ணக்கூடாது. சட்டம்."

"யாருக்குடா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

எனக்குத் தெரியுமே என்கிற ஆளை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் உருப்பட்டதில்லை. தச்சர்கள் போன வருடப் புயலின் கூரைகளையே இன்னும் முடிக்கவில்லை. நோரீன் செருப்பைக் கழற்றி வீசினார். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு தாமே ஏறினார். பேருந்தைத் திருப்பிய தோள்கள் அந்தப் பரண் வாயில் நுழையக் கால்மணி நேரம் பிடித்தது.

ராய்ஸ் பக்கத்தில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார்.

"டார்ச்சு புடிக்கிறது ரிப்பேர் இல்லையா?"

"டார்ச்சப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் போடல."

முதல் ஆணி பஞ்சில் விழுந்து தொலைந்தது. இரண்டாவது வளைந்தது. அடுத்ததற்கு நோரீனின் கட்டைவிரலும் பங்கு கொடுத்தது. அவர் அப்போது சொன்ன வார்த்தைகளை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார்ந்து நினைத்திருக்க முடியாது. ஒருவழியாக ஆணி இறங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். ராய்ஸ் படம் எடுத்து, யாரும் கேட்காமலே அடியில் எழுதினார்: 'மூன்றாவது ஆணி இன்று வீட்டு உரிமையாளரால் அடிக்கப்பட்டது.'

கம்பெனி விடுமா? நேரில் பார்த்துவரச் சொல்லி ஆளை அனுப்பியது. இஸ்திரி கலையாத சட்டை போட்ட இளைஞர். பெயர் டைலன். ஏணியில் மூன்று படி ஏறி, தலையை மட்டும் நீட்டி, "நல்லா இருக்குங்க" என்று பேனாவை எடுத்தார்.

நோரீன் ஏணியடியில் நின்ற தம்பியைப் பார்த்தார். ஒஹாயோவின் பனி முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

ராய்ஸ் தொண்டையைச் செருமினார். "தம்பி, அங்கருந்து அது தெரியாதே. இடப்பக்கம் ஊர்ந்து போகணும். நான் ஏணியப் புடிச்சிக்கிறேன்."

"டேய், உன்னப் பெத்ததுக்கு நம்மம்மா ஒரு நாயப் பெத்திருக்கலாம்டா" என்றார் நோரீன்.

இருபது நிமிடம் கழித்து டைலன் இறங்கியபோது சட்டை அவருடையது போலவே இல்லை. "மூணு இருக்கு. உறுதியாவும் இருக்கு. மூணாவத அடிச்சது யாரு, குடிகாரனா?"

"நான்தான்" என்றார் நோரீன்.

டைலன் கையெழுத்துப் போட்டார். பிரீமியம் இறங்கியது, வீடு நின்றது. நோரீன் தம்பியோடு பேச்சை நிறுத்தினார். வீட்டைக் காப்பாற்றியவனை மன்னிக்கலாம், காப்பாற்றிய விதத்தை எப்படி மன்னிப்பது?

பதினான்கு மாதம் கழித்து, செப்டம்பரில், காற்று ஊளையிடத் தொடங்கிய மாலையில் கதவு தட்டப்பட்டது. மழையங்கியோடு ராய்ஸ் நின்றிருந்தார்.

"உன் வீட்டுக்கு என்னடா வந்துது?"

"என் வீட்டுல பட்டையே கிடையாதுக்கா. போன வாரந்தான் ஏறிப் பாத்தேன். வெறும் ஆணியச் சாய்ச்சு அடிச்சிருக்கான்."

முப்பது வருடம் ஊரார் பரண்களிலெல்லாம் ஊர்ந்த மனிதர். நோரீன் சிரித்த சிரிப்பில் கொஞ்ச நேரம் காற்றே கேட்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்தார்.

"காலத் தொடச்சிட்டு உள்ள வா."